வளைத்த கையின் கடன்

மரத்துக்கு அகவை 100. உயரமோ ஒரு முழம். அடிமரம் முதிர்ந்து, பட்டை வெடித்து, வேர்கள் புடைத்து மண்ணை இறுகப் பற்றியிருக்கின்றன. கிளைகள் பல்லாண்டு காலம் கடற்காற்றோடு மல்லாடியவைபோல் ஒருபுறம் சாய்ந்திருக்கின்றன. ஆனால் அந்த மரம் கடலைக் கண்டதில்லை, காட்டைக் கண்டதில்லை, புயல் எப்படியிருக்கும் என்பதை அறிந்ததுமில்லை. நான்கு விரற்கடை ஆழமுள்ள சட்டியிலே முளைத்து, சட்டியிலே வளர்ந்து, சட்டியிலேயே முதுமையும் எய்தியது. அருகில் நின்று காண்போரைக் கேளுங்கள். "ஆகா, என்ன அழகு!" என்பார் ஒருவர். "ஐயோ, என்ன கொடுமை!" என்பார் அடுத்தவர். இருவரும் பார்ப்பது ஒரே மரத்தைத்தான்.

இவ்விருவரில் எவர் பக்கம் நியாயம்?

பொழுதுபோக்கைப் பற்றிய கேள்விதானே, இதற்கு இத்தனை ஆராய்ச்சி தேவையா என்று கருதிவிட வேண்டாம். சீனத்திலும் ஜப்பானிலும் அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக அந்தச் சிறு சட்டியின் முன் நின்று பெரிய வழக்குகளைப் பேசியிருக்கின்றனர். மரத்தைப் பற்றித் தொடங்கிய வழக்கு, பல வேளைகளில் மனிதனிடம் வந்து நின்றிருக்கிறது. அங்கேதான் நமக்கும் அதில் அக்கறை பிறக்கிறது.

போன்சாய் என்ற சொல்லை ஜப்பானியர் உச்சரிக்கும்போது 'பொன்' என்றே நம் செவியில் விழும். பொன் என்றதும் மகிழ்ந்துவிட வேண்டாம். அவர்கள் மொழியில் அது தட்டைக் குறிக்கும். 'சாய்' என்பது நடுதலைக் குறிக்கும். தட்டில் நட்டது என்பதற்குமேல் அச்சொல்லில் பெருமை ஏதுமில்லை. கலை பிறந்த இடம் சீனம். 706ஆம் ஆண்டைச் சேர்ந்த தாங் மரபு இளவரசன் ஒருவனின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு கற்களும் குறுஞ்செடிகளும் அமைந்த தட்டொன்றைக் காண்கிறோம். அங்கிருந்து ஜப்பான் சென்ற கலை, 1309இல் தீட்டப்பட்ட காசுகா ஓவியச் சுருளில் செல்வர் வீட்டு முற்றத்தில் இடம்பெற்றுவிட்டது. கல்லறை ஓவியத்தில் அந்தத் தட்டை ஏந்தி நிற்பவர் இளவரசர் அல்லர், பணியாளர். இதை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னர் பேசுவோம்.

மரத்தைச் சிறிதாக்குவது எப்படி? சோறு போடாமல் குழந்தையை வாட்டுவதுபோல, உரமும் நீரும் மறுத்துப் பட்டினி போட்டுக் குள்ளமாக்குகிறார்கள் என்று பலர் நம்புகின்றனர். அது தவறு. பட்டினி கிடக்கும் மரம் குறுகாது, சாகும். ஜப்பானிய வளர்ப்பாளர் கடுகினத்து எண்ணெய் வித்தின் பிண்ணாக்கை உருண்டை பிடித்துச் சட்டிதோறும் வைக்கின்றனர். நீரோ, கோடையில் நாளைக்கு இருமுறை, வெயில் கடுத்தால் மும்முறையும் உண்டு. ஊட்டத்தில் குறைவில்லை. குறைப்பதெல்லாம் வேறிடத்தில்.

இளங்கன்றாக இருக்கும்போதே ஆணிவேரை வெட்டிவிடுவர். ஆழத்தை நாடும் வேர் போனதும், பக்கத்தே பரவும் நுண்வேர்களைக் கொண்டே மரம் வாழப் பழகுகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, முதிர்ந்த மரமானால் சற்றுக் கூடுதலான இடைவெளி விட்டு, சட்டியிலிருந்து வெளியே எடுத்து, வேர்த்தொகுதியில் ஒரு பகுதியைக் கத்தரித்துப் புதுமண்ணில் வைப்பர். மேலே நுனிக்குருத்தைக் கிள்ளுவர். கிளை எந்தப் பக்கம் போகவேண்டும் என்று வளர்ப்பவர் எண்ணுகிறாரோ, அந்தப் பக்கம் வளைத்துச் செப்புக் கம்பியைச் சுற்றுவர். சில திங்கள் கழித்துக் கம்பியை நீக்கினால் கிளை அப்படியே நிற்கும். நீக்க மறந்தால் பருத்துவரும் கிளையில் கம்பி அழுந்திப் புண்ணாகும். அந்த வடு பல்லாண்டு மறையாது. மேப்பிள் போன்ற மரங்களில் கோடைத் தொடக்கத்தில் இலை முழுவதையும் கொய்துவிடுவதும் உண்டு. இரண்டாம் முறை துளிர்ப்பவை சிறிய இலைகளாக வரும்.

இன்னொரு வேலை இருக்கிறது. அதைச் சொல்லும்போதுதான் கேட்பவர் முகம் சுளிப்பர். ஜூனிப்பர் மரத்தில், உயிரோடிருக்கும் கிளையின் பட்டையை உரித்து அதைச் சாகவிடுவர். செத்த கட்டையின் மேல் கந்தகமும் சுண்ணாம்பும் கலந்த கரைசலைப் பூசி எலும்பின் வெண்மையை வரவழைப்பர். இடி விழுந்தும் பனி படிந்தும் மலையுச்சியில் பாதி பட்டுப்போன மரத்தின் தோற்றம் அதற்கு வந்துவிடும். துன்பம் படாத மரத்துக்குத் துன்பத்தின் தழும்பை எழுதிவைக்கிறார்கள்!

இத்தனைக்கும் பிறகு அந்த மரத்தில் மாறாத ஒன்று உண்டு. இலையைச் சிறிதாக்க முடிகிறது. கிளையைக் குறுக்க முடிகிறது. மலரையும் கனியையும் அந்த அளவுக்குக் குறுக்க முடியவில்லை. முழ உயர ஆப்பிள் மரத்தில் தொங்கும் கனியைப் பார்த்தால் கிளை தாங்குமா என்று அஞ்சத் தோன்றும். அக்கனியின் விதையை எடுத்துத் திறந்த நிலத்தில் ஊன்றினால் முளைப்பது முழு மரம். குறுமரம் என்று தனியோர் இனம் உலகில் இல்லை. சட்டியும் கத்தரியும் கம்பியும் சேர்ந்து செய்த உருவம் அது. 'இதன் இயல்பே இவ்வளவுதான்' என்று அதைக் காட்டிச் சொல்பவர் பொய் சொல்கிறார்.

அப்படியானால் கொடுமை என்றவர் வென்றுவிட்டாரா? பொறுங்கள்.

மரத்துக்கு மானம் உண்டா? வலி உண்டா? வெட்டுண்ட இடத்தை மரம் மூடிக்கொள்கிறது. ஒளியை நாடித் திரும்புகிறது. பூச்சி கடித்தால் தன் சாற்றின் தன்மையையே மாற்றிக்கொள்கிறது. இவையெல்லாம் உயிரின் தொழில்கள். ஆயினும் வலியை வலியென உணர்வதற்கான நரம்பும் மூளையும் அதனிடம் இல்லை. 'நான் ஆலமரமாக ஓங்கியிருப்பேனே' என்று அது ஏங்குவதில்லை. ஏங்குவது பார்க்கும் நாம்தான். மரத்தின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கிறோம், நம் கால்களில் கம்பி சுற்றியதாக எண்ணிக்கொள்கிறோம், கண் கலங்குகிறோம். நல்ல உள்ளத்தின் அடையாளம்தான் அது. ஆனால் நல்ல உள்ளம் எல்லா நேரமும் நல்ல நீதிபதியாக இருந்துவிடுவதில்லை.

ஒன்று கேட்கிறேன். போன்சாய் கொடுமை என்று பேசும் அன்பர், பேச்சின் நடுவே தேநீர் அருந்துகிறாரே, அந்தத் தேயிலை எதில் விளைந்தது? செடி என்கிறோம். உண்மையில் அது மரம். அசாம் இனத்தை அதன் போக்கில் விட்டால் 30 அடிக்கு மேலும் உயரும். பறிப்பவர் கைக்கு எட்டவேண்டும் என்பதற்காக, இடுப்பளவில் வெட்டி வெட்டி, ஆண்டுக்கணக்காகக் குறுக்கி வைத்திருக்கிறோம். மலைச்சரிவு முழுவதும் கோடிக்கணக்கில் குறுமரங்கள்! அவற்றுக்காக எவரும் அழுததில்லை. நீலகிரியிலும் இலங்கை மலைநாட்டிலும் அந்த மரங்களிடையே முதுகில் கூடை சுமந்து நின்ற பெண்களுக்காகத்தான் அழுதிருக்க வேண்டும். அதையும் உலகம் நெடுங்காலம் செய்யவில்லை.

மரத்தின் மேல் இரங்கும் கண், மனிதனைக் காணாமல் போவது புதிதன்று. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜப்பானிய அரசவையில் ஹினோ சுக்கேதோமோ என்றொரு பிரபு இருந்தார். அவர் கதையைக் கென்கோ என்னும் துறவி தம் 'த்சுரேசுரேகுசா' என்ற நூலில் எழுதிவைத்திருக்கிறார். சுக்கேதோமோவுக்குச் சட்டி மரங்களின் மேல் தீராத ஆசை. வளைந்து நெளிந்த மரங்களாகத் தேடிச் சேர்த்தார். ஒருநாள் மழைக்காகத் தோஜிக் கோயில் வாயிலில் ஒதுங்கினார். அங்கே ஒதுங்கியிருந்தோர் பலர் இரவலர்; கை திருகியவர், கால் வளைந்தவர், உடல் முறுக்கிக்கொண்டவர். முதலில் அவருக்கு வியப்பு: எவ்வளவு விந்தையான உருவங்கள் என்று ஊன்றிப் பார்த்தார். பார்க்கப் பார்க்கச் சுவை கெட்டது, அருவருப்பு வந்தது. நேராக, இயல்பாக இருப்பதே சிறப்பு என்று எண்ணினார். வீடு திரும்பியதும், இத்தனை நாள் வளைந்த மரங்களில் இன்பம் கண்டதும் இந்த உருவங்களில் இன்பம் கண்டதும் ஒன்றுதானே என்று தோன்றவே, சட்டிகளிலிருந்த மரங்களையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டார்.

செய்தது சரிதான் என்கிறார் கென்கோ. மரத்தின் விடுதலைக்குக் கிடைத்த சான்று என்று இந்தக் கதையை எடுத்துச் சொல்வோரும் இருக்கலாம். எனக்கோ படிக்கும்போது ஓர் ஐயம் எழுகிறது. பிரபு வீட்டுக்குப் போனார், மரத்தைப் பிடுங்கினார், சரி. வாயிலில் மழைக்கு ஒதுங்கியிருந்தார்களே, அவர்கள் என்னவானார்கள்? அவர்களுக்கு ஒரு பிடி சோறு கொடுத்தாரா? நனைந்தவருக்கு ஒரு துணி? கதையில் அதற்கு இடமேயில்லை. துன்புற்ற மனிதர், பிரபுவின் இரசனையைத் திருத்துவதற்கு வந்த பாடப்பொருளாகப் பயன்பட்டுவிட்டு மறைந்துவிடுகிறார்கள். முதலில் அவர்களை வேடிக்கை பார்த்தார், பிறகு வெறுத்தார். மனிதராக எண்ணியது எப்போது? வளைந்த மரத்தையும் ஊனமுற்ற மனிதரையும் ஒரே தட்டில் நிறுத்துவதுதான் இங்கே குற்றம். அந்தக் குற்றத்தைச் செய்துகொண்டே மரத்தைப் பிடுங்கியதால் வந்த அறம் எது?

இதற்கு நேர் மாறாக இன்னொரு கதை அதே நாட்டில் உண்டு. 'ஹாச்சி நோ கி' என்பது நோ நாடகங்களில் ஒன்று. சட்டியில் நட்ட மரம் என்பது அதன் பெயருக்குப் பொருள். சானோ என்ற ஊரில் த்சுனேயோ என்னும் வீரன், உறவினர் வஞ்சகத்தால் நிலத்தையெல்லாம் இழந்து, மனைவியுடன் ஓட்டைக் குடிலில் வாழ்கிறான். கடும்பனி பெய்யும் இரவு. வழிப்போக்கராக வந்த துறவி ஒருவர் தங்க இடம் கேட்கிறார். இந்தக் குடிலில் விருந்தினரை எப்படித் தங்கவைப்பது என்று நாணி முதலில் மறுக்கிறான். மனைவி எடுத்துச் சொல்ல, பனியில் ஓடிச்சென்று அழைத்து வருகிறான். இருக்கும் தினைச்சோற்றைப் பகிர்கிறார்கள். இரவு ஏற ஏறக் குளிர் ஏறுகிறது, மூட்ட விறகில்லை. செல்வம் இருந்த நாளில் வளர்த்தவற்றில் எஞ்சியவை மூன்றே சட்டி மரங்கள்: ஒரு பிளம், ஒரு செர்ரி, ஒரு பைன். துறவி தடுக்கத் தடுக்க, பனியைத் தட்டிவிட்டு, அந்த மூன்றையும் வெட்டி அடுப்பில் இடுகிறான்.

கதை பிறகு எல்லாக் கதைகளையும்போல் நலமாக முடிகிறது. துறவி வேடத்தில் வந்தவர், முன்பு நாட்டை ஆண்ட ஹோஜோ தோக்கியோரி. பின்னொரு நாள் த்சுனேயோவின் நிலத்தை மீட்டுக் கொடுத்து, எரிந்த மூன்று மரங்களின் பெயரையும் தாங்கிய மூன்று ஊர்களையும் சேர்த்து வழங்குகிறார். அந்தப் பரிசு நமக்கு வேண்டாம். பரிசு வரும் என்று தெரியாத அந்த இரவு போதும். த்சுனேயோ மரங்களை வெறுத்து எரிக்கவில்லை; அவனிடம் எஞ்சியிருந்த பெருமையெல்லாம் அவைதாம். எரிப்பதற்கு ஏற்ற அளவு நேசித்தான் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றே நினைக்கிறேன். மனிதன் நடுங்கும்போது மரம் விறகு. குளிர் நீங்கியபின் மீண்டும் நடலாம். சுக்கேதோமோவுக்கு இந்தக் கணக்குப் புரிந்திருக்கவில்லை.

மூன்றாவது சான்று சீனத்திலிருந்து வருகிறது, மூன்றிலும் கூர்மையானது. 1839இல் குங் ட்சூசென் என்ற எழுத்தாளர், நோயுற்ற பிளம் மரங்களுக்கான இல்லம் பற்றிச் சிறு கட்டுரை ஒன்றை எழுதினார். நான்கிங், சூச்சோ, ஹாங்சோ ஆகிய பகுதிகள் பிளம் மரத்துக்குப் பேர்போனவை. வளைந்திருந்தால்தான் அழகு, சாய்ந்திருந்தால்தான் நளினம், கிளை அருகியிருந்தால்தான் எழில் என்பது படித்தவர் கூட்டத்தின் விருப்பம். அதைச் சட்டமாக வெளிப்படையாய் அறிவிக்கவில்லை. காதோடு காதாக விற்பவரிடம் சொல்லிவைத்தனர். விற்பவருக்கு விலைதானே குறி? நேர்த் தண்டை வெட்டினர், பக்கக் கிளையை வளர்த்தனர், அடர்ந்ததை அரிந்தனர், இளங்குருத்தைக் கொன்றனர். விளைவு, அந்த வட்டாரத்துப் பிளம் மரங்கள் அனைத்தும் நோயாளிகள்! குங் 300 சட்டிகளை வாங்கினார். நலமான மரம் அதில் ஒன்றுகூட இல்லை. மூன்று நாள் அழுதார். பிறகு சட்டிகளை உடைத்தார், மரங்களை நிலத்தில் நட்டார், கட்டியிருந்த கயிறுகளை அறுத்தார். ஐந்தாண்டில் குணப்படுத்துவேன் என்று உறுதி பூண்டார்.

குங் பேசியது மரத்தைப் பற்றி மட்டுமா? மஞ்சு அரசின் கீழ், தேர்வு முறையும் அலுவலர் ஆட்சியும் நிமிர்ந்த அறிவையெல்லாம் வெட்டி, வளைந்து கொடுப்பவரை மட்டும் வளர்த்த நாட்டைப் பற்றி அவர் பேசினார் என்பதைப் படித்தவர் அனைவரும் அறிந்துகொண்டனர். அவரே அந்த ஆண்டில் பதவியை விட்டுத் தெற்கே திரும்பியவர். அவர் கட்டுரையில் என்னை நிறுத்திவைப்பது அழுகை அன்று. குற்றவாளியைப் பிரித்துக் காட்டும் திறம். கத்தரி பிடித்தவன் தோட்டக்காரன். ஆனால் வெட்டச் சொன்னவர் எங்கோ மாடியில் அமர்ந்து கவிதை பேசுகிறார். இருவருக்குமிடையே சந்தை நின்று விலை சொல்கிறது. யாரைக் கேட்டாலும் 'நான் இல்லை' என்பார்கள்.

தோட்டக்கலை அறிந்தோர் குங்கிடம் ஒன்றைச் சொல்லியிருக்கக்கூடும். சட்டியை உடைத்து நிலத்தில் நட்டாலும், முதிர்ந்து இறுகிய அடிமரம் நிமிராது. வளைந்த வளைவு அப்படியே இருக்கும். ஆனால் அடுத்துக் கிளம்பும் தளிர் நேராக எழும். ஐந்தாண்டில் அவர் காணக்கூடியது அதுதான்: கீழே பழைய வளைவு, மேலே புதிய நேர்மை. அவரோ 1841இல் மறைந்தார். அந்த ஐந்தாண்டு அவருக்குக் கிட்டவில்லை.

குங் சொன்னதை ஏற்கிறேன்; ஏற்றுக்கொண்டே சட்டி மரத்தின் பக்கமும் ஒரு சொல் சொல்ல விரும்புகிறேன். மனிதனை வளைப்பது கொடுமை என்று காட்ட மரம் நல்ல உவமை. அதனால் மரத்தை வளைப்பதும் கொடுமை என்றாகிவிடாது. உவமையைச் சட்டமாக்கினால் சுக்கேதோமோவிடம் போய்ச் சேருவோம். வளைத்தபின் வளைத்தவன் என்ன செய்கிறான் என்பதை வைத்தே மரத்தின் வழக்கைத் தீர்க்கவேண்டும்.

காட்டு மரத்துக்கு எவர் தயவும் தேவையில்லை. மழை தவறினால் வேர் இன்னும் ஆழத்துக்குப் போகும். ஆணிவேரை இழந்து கைப்பிடி மண்ணில் நிற்கும் மரத்துக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. கோடையில் ஒருநாள் நீர் தவறினாலே உயிர்போகும். ஆக, வேரை வெட்டியவன் அந்தக் கணமே ஒரு கடனை ஏற்றுக்கொள்கிறான். நீர் ஊற்றக் கற்கவே மூன்றாண்டு வேண்டும் என்பது ஜப்பானிய வளர்ப்பாளரிடையே வழங்கும் சொல். ஆசிரியரிடம் தொழில் பழகச் செல்லும் இளைஞர் ஐந்தாண்டும் அதற்கு மேலும் அங்கேயே தங்குவர். முதலில் கிடைப்பது நீர்க்குவளையும் துடைப்பமும்தான், கத்தரி அன்று. வெளியூர் போகலாமா, உடல் நலமில்லை என்று படுத்துவிடலாமா? மரத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். அந்தக் கடன் ஓர் ஆயுளில் தீர்வதுமில்லை. மரம் மனிதனைவிட நீண்டநாள் வாழ்கிறது. மகனுக்கோ மாணவனுக்கோ கைமாறிப் போகிறது.

1923 பெருநிலநடுக்கத்தில் டோக்கியோ அழிந்தபின், அந்நகரின் வளர்ப்பாளர் சிலர் 1925இல் ஓமியாவில் குடியேறித் தமக்கென ஓர் ஊரை அமைத்தனர். குடியேற வருவோர்க்கு நிபந்தனைகள் இருந்தன. பத்துக்குக் குறையாத மரங்கள் வைத்திருக்கவேண்டும். வாயிற்கதவு எவர்க்கும் திறந்திருக்கவேண்டும். மதில் கூடாது, உயிர்வேலிதான். மாடி வீடு கட்டலாகாது. நான்காவதை நான் மிகவும் விரும்புகிறேன். மரத்தைக் குறுக்கியவர்கள், அதன் பொருட்டுத் தங்கள் வீட்டையும் குறுக்கிக்கொண்டார்கள்! இரண்டாவதும் எளிதன்று. பிரபு வீட்டு முற்றத்தில் அடைந்துகிடந்த கலையை, தெருவில் போகிறவனும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று திறந்துவைத்தார்கள்.

கடனைத் தீர்க்காத கைகளும் உண்டு, அதை மறைப்பானேன்? செங்குத்தான பாறை இடுக்கில், காற்றும் பனியும் வளைத்த ஜூனிப்பர்களுக்குச் சந்தையில் நல்ல விலை. இத்தோயிகாவா மலைகளிலும் ஷிக்கோக்குத் தீவின் மலைகளிலும் கயிற்றில் தொங்கி அவற்றைப் பெயர்த்தெடுத்தனர். பெயர்த்த இடத்திலேயே செத்தவை எத்தனையோ! முதிர்ந்த மரங்கள் அந்த மலைகளில் அரிதாகிவிட்டன. அங்கே நடந்தது வளர்ப்பு அன்று, வேட்டை. கம்பி சுற்றுவதைக் கண்டு பதறுவோர் இதைக் கண்டு பதறட்டும்.

முதலில் சொன்ன பணியாளரிடம் இப்போது வருவோம். ஜப்பானிய அரண்மனைத் தொகுப்பில் ஒரு பைன் மரம் இருக்கிறது. ஏறத்தாழ 500 ஆண்டு அகவையினது என்று மதிக்கின்றனர். 'மூன்றாம் ஷோகனின் பைன்' என்பது அதன் பெயர். மூன்றாம் ஷோகன் தொக்குகாவா இயேமித்சு 1651இல் மறைந்தார். அதன்பின் 370 ஆண்டுகளுக்கும் மேல் ஓடிவிட்டன. ஒரு நாளும் தவறாமல் யாரோ நீர் ஊற்றியிருக்கிறார்கள். அல்லாவிடில் மரம் இன்று இல்லை. அந்தப் பத்துப் பதினைந்து தலைமுறைத் தோட்டக்காரர்களின் பெயரை மரத்தின் பெயரில் காணோம். ஆசைப்பட்டவர் பெயர் நிலைத்தது. கடனைத் தீர்த்தவர் பெயர் மறைந்தது. தாங் கல்லறைச் சுவரில் தட்டை ஏந்தி நிற்கும் பணியாளருக்கும் பெயரில்லை. கலையின் அழகைப் பேசும் நூல்கள் ஏராளம். அதிகாலையில் குவளையோடு எழுந்தவரைப் பற்றிப் பேசுபவை எத்தனை? மரத்தின் வளைவைக் காட்டி 'அடிமைத்தனம்' என்று அங்கலாய்ப்பவரும், 'அருங்கலை' என்று கொண்டாடுபவரும், அருகில் நின்ற மனிதனைக் காணத் தவறுவதில் மட்டும் ஒற்றுமையாக இருக்கின்றனர்.

பெயர் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லலாம். ஹிரோஷிமா நகரில் யமாகி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகச் சட்டி மரம் வளர்த்தவர்கள். அவர்களிடம் இருந்த வெண்பைன் ஒன்று, 1625 முதல் பயிற்றி வளர்க்கப்பட்டது. 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் காலை அணுகுண்டு விழுந்தபோது, விழுந்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருந்தது அவர்கள் இல்லம். வீட்டிலிருந்தோர் மேல் கண்ணாடிச் சில்லுகள் பாய்ந்தன, உயிர் பிழைத்தனர். தோட்டத்தின் உயர்ந்த சுவர் மரங்களைக் காத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அந்நகரில் இறந்தோர் ஏறத்தாழ 1,40,000 பேர் என்று கணக்கிட்டிருக்கின்றனர். அத்தனை மனிதர் மாண்ட இடத்தில் ஒரு மரம் பிழைத்ததை அற்புதம் என்று கூத்தாட எனக்கு மனம் வரவில்லை. ஆனால், எரிந்த ஊரில், அடுத்த நாளும் அதற்கு நீர் வேண்டியிருந்திருக்கும். அதற்கடுத்த நாளும் வேண்டியிருந்திருக்கும்.

1976இல் அமெரிக்கா தன் 200ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடியபோது ஜப்பானியர் 53 மரங்களை அன்பளிப்பாக அனுப்பினர். யமாகி மசாரு அந்த வெண்பைனைக் கொடுத்தார். குண்டு போட்ட நாட்டுக்கு! வாஷிங்டன் நகரின் தேசிய மரத்தோட்டத்தில் அதைப் பெற்றுக்கொண்டவர்களுக்கு அது பழமையான நல்ல மரம் என்பது தெரியும். எங்கிருந்து, எதைக் கடந்து வந்தது என்பது தெரியாது. 2001ஆம் ஆண்டு மார்ச் திங்களில் யமாகியின் பேரர் இருவர், தாத்தா கொடுத்த மரத்தைப் பார்க்கவேண்டும் என்று அங்கே வந்தனர். அவர்கள் சொல்லித்தான் செய்தி வெளிப்பட்டது. அதுவரை 25 ஆண்டுகள், எதுவும் அறியாமலே, அந்த ஊர்த் தோட்டக்காரர்கள் நாள்தோறும் அதற்கு நீர் ஊற்றி வந்திருக்கின்றனர்.